குறையாத குளிசைப் பேணி

அத்தியாயம் பதினொன்று

வல்லாரைக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விட்டதும் அடுப்பைத் தணிக்க வேண்டும். இரத்தினேஸ்வரி தணித்தாள். குசினிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவைத் திறந்து, வெளியே யாரும் இல்லை என்று பார்த்து, மறுபடியும் சாத்தினாள். வங்கி உடைக்கப் போகிறவன்கூட இத்தனை தரம் திரும்பிப் பார்க்கமாட்டான்.

பிறகு அலுமாரியின் பின்வரிசையில் இருந்த பால்மாப் பேணியை இறக்கினாள்.

அதற்குள் இருப்பவை அவளுடைய முழங்கால் நோவுக்கான குளிசைகள். கிளினிக்கில் கடதாசி உறைக்குள் உதிரியாகப் போட்டுக் கொடுப்பார்கள். அவள் கொண்டுவந்து பேணிக்குள் கொட்டிவைப்பாள். தவிட்டு நிறம், வழுவழுவென்ற மேல்பூச்சு. ஒன்றை எடுத்து, மிளகு இடிக்கிற சின்ன உரலில் போட்டு, சத்தம் வெளியே போகாமல் உரலைச் சீலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு இடித்தாள். மாவானதைக் கஞ்சிக்குள் கொட்டிக் கலக்கினாள்.

இது பல நாளாக நடக்கிறது. ஏன் நடக்கிறது என்று இந்த வீட்டுக்குக் கிழமைதோறும் வந்து போகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் வாசலில் நின்று கால் உளைய வேண்டாம், இப்படி உள்ளே வாருங்கள்.

இரத்தினேஸ்வரியின் கணவர் யோகலிங்கம் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மலை மாதிரிக் கப்பல்களைக் கயிறு போட்டு, முரண்டு பிடிக்கிற கன்றுக்குட்டியை இழுத்து வருவதுபோல் இழுத்துவந்து கட்டியவர். அவர் சிரித்தால் உள்துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் கயிறு அறுத்துக்கொண்டு போகும் என்பார்கள். அப்படி ஒரு கப்பல் போய்த்தான் சோபர் தீவில் முட்டி நின்றது என்று சத்தியம் செய்யவும் அவருடைய ஊரான பாலையூற்றில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த மனிதருக்குச் சோறு இறங்காமல் போனது. பெரியாஸ்பத்திரியில் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் அடிவாசலில் ஒரு கட்டி. என்ன கட்டி என்பதை மனைவிக்கும் மகள் கஜந்தினிக்கும் டொக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்கள் அதை யோகலிங்கத்திடம் கொண்டுபோய், 'வயித்துப்புண்' என்று மாற்றிச் சொன்னார்கள். தங்களுக்குள் கதைக்கும்போதுகூட நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். 'அந்தச் சாமான்' என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது 'என்ன?' என்று கேட்டுக்கொண்டு எழும்பி வந்துவிடும் என்ற பயம்.

வருகிற வியாழக்கிழமை வெட்டி எடுப்பதற்கு நாள் வைத்திருந்தார்கள். அதற்கு முதல் இன்று, மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரிடம் காட்டவேண்டும்.

இதற்கிடையில்தான் லண்டனில் இருந்து இரத்தினேஸ்வரியின் அக்கா மகள் லோஜினியின் குரல்பதிவு போனில் வந்து சேர்ந்தது.

"சின்னம்மா, கஜந்தினி, ரெண்டு பேரும் கேளுங்கோ. இஞ்ச ஆராய்ச்சி ஒண்டு நடக்குதாம். வீக்கத்துக்கு, மூட்டு நோவுக்குப் போடுற குளிசை இருக்கெல்லே, அது வயித்தில வாற அந்தச் சாமானை வளர விடாமல் பண்ணுமாம். பேப்பரில வாசிச்சனான். டொக்டர்மாரிட்டச் சொன்னால் சிரிப்பினம். தெரிஞ்சு வைச்சிருங்கோ."

இரத்தினேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். கந்தசஷ்டி விரதத்தில்கூட அவள் ஒரு பாட்டை அத்தனை தரம் கேட்டதில்லை. கஜந்தினியோடு கதைக்கப் பயம். மூதூரில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர் அவள். அம்மா கட்டிய நேர்த்திக்கடன் நூலையே 'இதில என்ன இரசாயனம் இருக்கு?' என்று கேட்டவள். ஆகவே இரத்தினேஸ்வரி யாரிடமும் கேட்காமல், தன் முழங்காலுக்கான குளிசையைத் தான் விழுங்காமல், கஞ்சியில் போடத் தொடங்கினாள்.

அதோடு ஓர் அதிசயமும் நடந்தது. பேணி குறையவில்லை! ஒவ்வொரு நாளும் எடுக்கிறாள், அடுத்த நாள் திறந்தால் அதே அளவு கிடக்கிறது. கண்ணால் கண்டவள் வேறு என்ன நினைப்பாள்? பத்திரகாளி அம்மாள் என்றுதான் நினைத்தாள். 'அம்மாளே அள்ளித் தரேக்க நான் ஏன் கஞ்சத்தனம் பண்ணுவான்?' என்று, போன கிழமையில் இருந்து இரவுச் சாப்பாட்டுக்கு வைக்கிற தேங்காய்ப்பால் சொதியிலும் ஒன்று சேர்த்தாள்.

"இஞ்சேரும்! கஞ்சி வருமோ, இல்லாட்டி நான் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல்காரனிட்டக் கேட்கட்டோ?"

முன்பக்கக் கதிரையில் இருந்து குரல் வந்தது. முந்திய குரலில் பாதிதான். இருந்தும் முருங்கை மரத்துக் காகம் எழும்பிப் பறந்தது.

"கொண்டு வாறன். கத்தாதேங்கோ."

அவள் கோப்பையோடு போனாள். வலது கால் இழுத்தது. அதை இழுக்காத மாதிரி வைக்கப் பார்த்தாள். யோகலிங்கம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரம் இடுப்பில் நிற்காமல், அதன் மேல் ஒரு பெல்ட்டும் கட்டியிருந்தார். முகம் ஊறவைத்த அரிசி மாதிரி வெளுத்திருந்தது.

"ஒரு பகிடி கேளும்," என்றார். "வெளிக்குப் போனது கன்னங்கரேலெண்டு இருக்கு. கொல்டார் மாதிரி. அள்ளிக் குடுத்தால் மூதூர் றோட்டு முழுக்கப் போட்டு முடிக்கலாம்."

இரத்தினேஸ்வரி நின்றாள்.

"இண்டைக்கோ?"

"நேற்றும்."

அவளுக்குக் காதுக்குள் வேறொரு குரல் கேட்டது. முழங்கால் கிளினிக்கில் குளிசை கொடுக்கிற தாதி, புஷ்பவதி மிஸ்ஸின் குரல். அந்த மிஸ் ஒவ்வொரு மாதமும், பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடுகிற இராகத்தில், ஒரே சொற்களைச் சொல்லுவாள்: 'சாப்பிட்டாப் பிறகு போடுங்கோ. உடைக்காமல் முழுசாய் விழுங்குங்கோ. கறுப்பாய் வெளிக்குப் போனால் அது இரத்தம், உடன ஓடி வாங்கோ.' இரத்தினேஸ்வரி ஒவ்வொரு மாதமும் 'ஓம் மிஸ்' என்று தலையாட்டியிருக்கிறாள். ஆட்டும்போது பஸ் போய்விடுமே என்று யோசித்திருக்கிறாள். அந்தச் சொற்கள் எல்லாம் எங்கே போய் ஒளிந்திருந்தனவோ, இப்போது ஒன்றாக எழும்பி அவளுடைய நெஞ்சின் மேல் ஏறி இருந்தன.

அது இரத்தம்.

யோகலிங்கம் கோப்பைக்குக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கோப்பையை அப்படியே விட்டுவிட்டாள். சீமெந்து நிலத்தில் விழுந்து, கஞ்சி அவருடைய கால்விரல்வரை ஓடியது.

"கை வழுக்கீட்டுது," என்றாள்.

யோகலிங்கம் நிலத்தில் கிடந்த பச்சைக் கஞ்சியைப் பார்த்தார். பிறகு அவளுடைய முழங்காலைப் பார்த்தார்.

"முழங்கால் இன்னும் நோகுதோ?"

"இல்லை."

"நேற்றும் நொண்டினீர்."

"கல்லில தட்டினது. வெளிக்கிடுங்கோ, கிளினிக்குக்கு நேரமாகுது."

ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பதற்கே நாலு கதை சொல்லுகிற மனிதர், பகிடி ஒன்றும் விடாமல் சேர்ட்டைப் போட்டு, பொக்கற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது அவளுக்குக் கறுப்பு மலத்தைவிடப் பயமாக இருந்தது.

றுமைஸின் ஓட்டோ வந்தது. றுமைஸ் பக்கத்து ஒழுங்கைக்காரன். அவன் ஓட்டோவில் ஏறினால் ஆஸ்பத்திரி வருவதற்குள் ஊரில் செத்தவர்கள் எல்லாரையும் ஒருமுறை சந்தித்துவிட்டு வரலாம்.

"ஐயா என்ன வெளுத்துக் கிடக்கிறீங்க? எங்கட மாமாவும் இப்பிடித்தான், நல்லாக் கதைச்சிட்டு இருந்தார், தேத்தண்ணி வைக்கச் சொன்னார், ஊதி ஆத்துறத்துக்குள்ள..."

"றுமைஸ், றோட்டைப் பார்," என்றாள் இரத்தினேஸ்வரி.

"பார்த்துட்டுத்தான் சொல்றன் அம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் உள்ளே உரல் தெரிந்தது. என்ன செய்வது? சொல்ல வேண்டும். சொன்னால், மயக்க மருந்து டொக்டர் ஒப்பரேசனை நிறுத்திப்போடுவார். அந்தச் சாமான் வியாழக்கிழமை வரைக்கும்தான் என்று தவணை சொல்லிக்கொண்டா வளருகிறது? அதோடு, சொல்லத் தொடங்கினால் நோயின் பெயரும் வெளியே வரும், இவர் கேட்பார், கேட்ட இடத்திலேயே உடைந்துபோவார். சரி, சொல்லாமல் விட்டால்? உள்ளே இரத்தம் ஒழுகுகிற மனிதரை மேசையில் கிடத்திக் கத்தி வைப்பார்கள். இரத்தம் நிற்காது. மேசையில் இருந்து அவர் எழும்பமாட்டார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் அவள்.

கடற்கரைப் பக்கம் வந்ததும் ஓட்டோ நின்றது. மான்கள். நடு றோட்டில் ஒரு கூட்டம், அரசாங்கக் கச்சேரியில் வேலைக்கு வந்தவை மாதிரி, அவசரமே இல்லாமல் நின்றன. றுமைஸ் கோர்ன் அடித்தான். கொம்பு வைத்த ஒன்று திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாரோ போட்ட முட்டைக்கோசு இலையைத் தொடர்ந்து மென்றது. அந்த மான் மெல்லுகிற வேகத்தில் ஒரு மனிதன் பிறந்து, படித்து, பென்சனும் எடுத்துவிடலாம்.

அப்போது யோகலிங்கத்தின் தலை இரத்தினேஸ்வரியின் தோளில் சாய்ந்தது.

கலியாணத்துக்குப் பிறகு வெளியிடத்தில் அவர் அவளில் சாய்ந்ததே கிடையாது. கை பட்டாலே 'சனம் பார்க்குது' என்று தள்ளி நிற்பவர்.

"என்ன செய்யுது? இஞ்சருங்கோ! என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. கடல் கொஞ்சம் ஆட்டுது," என்றார், கண் திறக்காமல். நெற்றி குளிர்ந்து, வேர்த்திருந்தது. "ஆஸ்பத்திரிக்கெண்டு சொல்லிப்போட்டு என்னைக் கன்னியாவுக்குக் கொண்டு போயிடாதையும்."

கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இந்த ஊர்க்காரர் செத்தவர்களுக்கு அந்தியேட்டி முடித்துத் தலை முழுகுவதும் அங்கேதான். இரத்தினேஸ்வரிக்கு அந்தப் பகிடிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஓட்டோவில் இருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, "போ! போ மூதேவி!" என்று அந்த மானைப் பார்த்துக் கத்தினாள். கோணேசர் கோயில் மணிவரைக்கும் அந்தச் சத்தம் போயிருக்கும். மான்கள் விலகின.

பெரியாஸ்பத்திரி வாசலில் கஜந்தினி நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். கையில் தோடம்பழப் பை. பின்னேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவுக்குத் தோடம்பழம் பிழிந்து கொடுப்பது அவள் பொறுப்பு. வேறு யாரையும் பிழிய விடமாட்டாள்.

"என்ன அம்மா, அப்பா இப்பிடி வெளிறிப்போனார்?"

"உள்ளுக்குப் போவம், பிள்ளை."

"சாப்பாடு குடுத்தனீங்களோ? கஞ்சி குடிச்சவரோ?"

"கொட்டுப்பட்டுப் போச்சு."

"கொட்டுப்பட்டதோ? நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்..." கஜந்தினி தொடங்கினாள். பிறகு அப்பாவின் நகங்களைப் பார்த்தாள். நகத்தில் சிவப்பே இல்லை. அவள் வாய் மூடிக்கொண்டது. தோடம்பழப் பையை உள் நடைபாதையில் ஆட்கள் காத்திருக்கிற வாங்கில் வைத்தாள். வைத்ததை எடுக்காமலே டொக்டரின் அறைக்குள் வந்தாள்.

மயக்க மருந்து டொக்டர் ஸல்ஹா கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை. இளவயது, மெல்லிய குரல். யோகலிங்கத்தின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் நாடி பார்த்தாள்.

"ஐயா, தலை சுத்துதா?"

"கடலில சுத்தாத தலை, டொக்டர். ஓட்டோவில சுத்தீட்டுது."

"வெளிக்கு எப்படிப் போகுது?"

யோகலிங்கம் மூதூர் றோட்டுப் பகிடியை மறுபடி சொன்னார். டொக்டர் ஸல்ஹா சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்தாள்.

"நோவுக் குளிசை, அஸ்பிரின், அந்த மாதிரி ஏதாவது எடுத்தீங்களா?"

"நான் வாங்கி ஒண்டும் விழுங்கேல்லை," என்றார் யோகலிங்கம். சொல்லிவிட்டு மனைவியைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்தார்.

அறைக்குள் மின்விசிறி மட்டும் சுற்றியது. இரத்தினேஸ்வரிக்கு அந்த விசிறி 'சொல்லு, சொல்லு' என்று சுற்றுவதுபோல் இருந்தது. வாயைத் திறந்தால் இருதயம் வெளியே விழுந்து மேசையில் உருளும் போல் இருந்தது. கதவைப் பார்த்தாள். ஓடிவிடலாம். இந்தக் காலோடு எவ்வளவு தூரம்?

"நான் குடுத்தனான்," என்றாள்.

"என்ன?"

"என்ர முழங்கால் குளிசை. இடிச்சுக் கஞ்சியில போட்டுக் குடுத்தனான். இவருக்குத் தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது. நான்தான்."

கஜந்தினி அம்மாவின் பக்கம் திரும்பினாள். இரத்தினேஸ்வரி அந்தப் பார்வையைப் பார்க்கவில்லை. டொக்டரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று அவளுக்குத் தெரியும்.

"இடிச்சா?" டொக்டர் ஸல்ஹா முன்னுக்கு வந்தாள். "அம்மா, அந்தக் குளிசைக்கு மேல இருக்கிற பூச்சே அது வயித்தில கரையாம இருக்கத்தான். அதையும் சேர்த்து இடிச்சா, நேர வயித்துப் புண்ணிலதானே போய் விழும்? நாளைக்கு எத்தனை?"

"முதல்ல ஒண்டு. போன கிழமையில இருந்து ரெண்டு."

"ஏன் கூட்டினீங்க?"

"பேணி குறையேல்லை, டொக்டர். அம்மாள் தாறா எண்டு நினைச்சனான்."

டொக்டர் ஸல்ஹாவுக்கு அது விளங்கவில்லை. விளங்கவைக்கிற நேரமும் இல்லை.

"என்னத்துக்குக் கொடுத்தீங்க? ஐயாவுக்கு மூட்டு நோவு இல்லையே?"

"லண்டனில இருந்து சொன்னவை. அந்தச் சாமானைக் கரைக்குமாம் எண்டு."

"எந்தச் சாமான்?"

இரத்தினேஸ்வரி வாயைத் திறந்தாள். மூடினாள். கஜந்தினியும் திறந்தாள், மூடினாள். கரையில் போட்ட இரண்டு மீன்கள் மாதிரி.

"கான்சரை, டொக்டர்," என்றார் யோகலிங்கம். "இவைக்கு அந்தச் சொல் வாயில வராது. அதான் நான் சொல்லுறன்."

அந்தச் சொல் அறைக்குள் விழுந்தது. கூரை இடியவில்லை. விசிறி நிற்கவில்லை. இரத்தினேஸ்வரிக்கு மட்டும் காலுக்குக் கீழே நிலம் ஒரு முழம் இறங்கியது.

"ஆர்... ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"என்ர தம்பி கோணேஸ்வரன் அப்பிள் கொண்டு வந்தவன் எல்லே? காணிச் சண்டையோட, என்ர செத்த வீட்டுக்கும் வரமாட்டன் எண்டு நடு றோட்டில நிண்டு சத்தியம் பண்ணினவன். வெறும் வயித்துப்புண்ணுக்கு அவன் ஏன் வாறான்? வந்து கட்டிப் பிடிச்சு அழுறான்! அண்டைக்கே எனக்கு விளங்கீட்டுது."

"அப்பா..." என்றாள் கஜந்தினி. குரல் கீச்சிட்டது. "டொக்டர், நானும்."

"நீங்களும் என்ன?"

"அஸ்பிரின். தோடம்பழச் சாறில கரைச்சு. பின்னேரத்தில." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்திருந்தாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சால் பயந்திடுவா எண்டு சொல்லேல்லை. நான் வாசிச்சுப் பார்த்தனான். உடம்புக் கலங்களில ஏதோ வேலை செய்யுது எண்டு போட்டிருந்தது. நான் பிள்ளையளுக்குக் கலம் படிப்பிக்கிறனான், டொக்டர்."

வேறொரு நாளாக இருந்தால், விஞ்ஞான ரீச்சரை மடக்கிவிட்டோம் என்று இரத்தினேஸ்வரி பாலையூற்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள். இப்போது மகளுடைய கையைப் பிடித்தாள். இரண்டு கையும் ஒரே குளிர்.

"ஆராய்ச்சி நடக்கிறது உண்மைதான்," என்றாள் டொக்டர் ஸல்ஹா. எழுந்து நின்றபடியே சொன்னாள். "தட்டில வளர்க்கிற கலங்கள்ல பார்க்கிறாங்க, எலியில பார்க்கிறாங்க. அந்தக் குளிசை பாவிக்கிற ஆக்களுக்கு இந்த நோய் குறையுதா எண்டும் பார்க்கிறாங்க. நல்லது வரலாம். ஆனா அது இன்னும் மருந்தாகல்ல. கட்டி இருக்கிற வயித்துக்கு ரெண்டு வகையும் சேர்த்துக் குடுத்தா, புண்ணாகும், இரத்தம் உறையாது. நீங்க இப்ப சொன்னதாவது நல்லம். சொல்லாம வியாழக்கிழமை வந்திருந்தா..." மிச்சத்தைச் சொல்லாமல் கதவைத் திறந்தாள். "மிஸ்! ட்ரொலி கொண்டு வாங்க. இரத்தம் எடுக்கணும். கமராக்காரருக்குச் சொல்லுங்க, இப்பவே."

"வியாழக்கிழமை ஒப்பரேசன்?" என்று கேட்டாள் இரத்தினேஸ்வரி.

"முதல்ல இண்டைக்கு இரத்தத்தை நிப்பாட்டுவம் அம்மா."

ட்ரொலி வந்தது. யோகலிங்கத்தைக் கிடத்தினார்கள். படுத்த மனிதர் இன்னும் சின்னதாகத் தெரிந்தார். நடைபாதையில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கையை ஆட்டி, "கொஞ்சம் பொறு தம்பி," என்று தள்ளுகிறவனை நிறுத்தினார். சேர்ட் பொக்கற்றுக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

வெள்ளித் தாளில் அடைத்த குளிசை அட்டை ஒன்று வந்தது. தவிட்டு நிறம். பாதிக் குழிகள் காலி.

"உம்மட பேணியில அம்மாள் ஒண்டும் போடேல்லை," என்றார்.

இரத்தினேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை.

"லோஜினி சொன்னதை நீர் குசினிக்குள்ள போட்டுப் போட்டுக் கேட்டனீர். எஞ்சின் சத்தத்தில என்ர காது போச்செண்டு நினைச்சீராக்கும். அடுத்த நாள் நொண்டத் தொடங்கினீர். பேணியை எட்டிப் பார்த்தன், அடியில கொஞ்சம்தான் கிடந்தது. எனக்கே எல்லாத்தையும் தந்தால் உம்மட காலுக்கு என்ன செய்யிறது? பஹ்மியின்ர பாமசியில அதே நிறத்தில வாங்கி, அட்டையை உடைச்சு உடைச்சுப் பேணிக்க போட்டனான். நீரும் விழுங்குவீர் எண்டு பார்த்தன்."

அவளுடைய காலுக்கென்று அவர் வாங்கிப் போட்டதை, அவள் அம்மாள் தந்தது என்று கும்பிட்டு, இடித்து, இரவுச் சொதியிலும் சேர்த்து அவருக்கே ஊட்டியிருக்கிறாள். ஒவ்வொன்றாக. மிச்சம் வைக்காமல்.

"அப்ப... கஞ்சிக்க இருக்கெண்டு தெரிஞ்சே குடிச்சனீங்களோ?"

"ஓம்."

"ஏன்? ஏன் குடிச்சனீங்கள்?"

யோகலிங்கம் கூரையைப் பார்த்தார். புயலில் கப்பல் இழுத்துக் கட்டிய கதைகளை ஊருக்கெல்லாம் சொன்ன வாய். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் அலை ஒரு பனை உயரம் கூடும். அந்த வாய் இப்போது மிகச் சிறிதாகத் திறந்தது.

"வேலை செய்தாலும் செய்யுமெண்டு நினைச்சன். எனக்கும் சாகப் பயம்தானே, இரத்தினம்."

அட்டையை அவளுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"ஒண்டைப் போடும். சாப்பிட்டாப் பிறகு. இடிக்காமல்."

ட்ரொலி உருண்டது. இரட்டைக் கதவு திறந்து அவரை வாங்கிக்கொண்டு மூடியது.

வாங்கில் தாயும் மகளும் இருந்தார்கள். பக்கத்தில் தோடம்பழப் பை, அப்படியே கிடந்தது. கஜந்தினி அதைக் காலால் வாங்குக்குக் கீழே தள்ளினாள். ஒரு பழம் உருண்டு நடைபாதையின் நடுவில் போய் நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"அம்மா," என்றாள் கஜந்தினி. "நாங்கள் ரெண்டு பேரும் ஒரு நாளாவது இருந்து கதைச்சிருந்தால்..."

"கதைக்காதை, பிள்ளை."

மிஸ் ஒருத்தி சிவப்புப் பை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கதவுக்குள் ஓடினாள். ஆஸ்பத்திரியில் மிஸ்மார் நடப்பார்கள், வேகமாக நடப்பார்கள். ஓடி இரத்தினேஸ்வரி கண்டதில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தியும் ஓடினாள். அவளிடமும் ஒரு பை.

இரத்தினேஸ்வரி அம்மாளைக் கூப்பிடப் பார்த்தாள். வாயில் பெயர் வரவில்லை. இத்தனை நாளும் அள்ளித் தந்தது யார் என்று தெரிந்தபிறகு, எந்த முகத்தோடு கூப்பிடுவது? கைக்குள் இருந்த அட்டையின் விளிம்பு உள்ளங்கையைக் குத்தியது. காலியான குழிகளை விரலால் தடவினாள். இது திங்கள். இது செவ்வாய். இது கஞ்சி. இது சொதி.

இரட்டைக் கதவு படாரென்று திறந்தது. டொக்டர் ஸல்ஹா நின்றாள். கையுறையில் இருந்து முழங்கைவரை சிவப்பு.

"யோகலிங்கத்தின்ட மனைவி எங்க? உடனே உள்ள வாங்க!"

இரத்தினேஸ்வரி எழும்பினாள். முழங்கால் எழும்பவில்லை.